பாசிட்டிவ் மாப்பிள்ளை

என் மனைவிக்கு இது 36-வது வாரம். 'எத்தனை மாசம்?' என்று யாராவது கேட்டால் எனக்குச் சட்டென்று பதில் வருவதில்லை. டாக்டரம்மா வாரத்தில் பேசுகிறார். எங்கம்மா மாசத்தில் பேசுகிறாள். என் மாமியார் அமாவாசை, பௌர்ணமியில் பேசுகிறார். என் செல்போனில் இருக்கிற ஒரு ஆப் மட்டும் பழத்தில் பேசுகிறது.

ஆமாம், பழத்தில்தான். திங்கட்கிழமை காலையில் 'டிங்' என்று ஒரு சத்தம். 'இந்த வாரம் உங்கள் குழந்தை ஒரு அவகாடோ அளவு!' என்று வரும். நான் பிறந்து வளர்ந்த குரோம்பேட்டையில் கொய்யா தெரியும், சப்போட்டா தெரியும். அவகாடோவுக்கு எங்கே போவேன்? சூப்பர் மார்க்கெட்டில் தேடிப் பிடித்து ஒன்று வாங்கி வந்து, கையில் வைத்து எடை பார்த்தேன். 'ஓகோ, இவ்வளவுதானா நம்ம ஆள்!' என்று நெகிழ்ந்துபோய் டேபிள் மேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வருவதற்குள் மனைவி அதை நறுக்கி, உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவிச் சாப்பிட்டுவிட்டாள்.

20-வது வாரம் 'வாழைப்பழம்' என்று வந்தது. எந்த வாழைப்பழம் ஸார்? ஏலக்கியா, ரஸ்தாளியா, நேந்திரமா? ஏலக்கிக்கும் நேந்திரத்துக்கும் நடுவில் எத்தனை வித்தியாசம்! ராத்திரி பூரா யோசித்துவிட்டு மறுநாள் டாக்டரம்மாவிடமே கேட்டேன். "தலையிலேர்ந்து கால் வரைக்கும் ஒரு 25 சென்டிமீட்டர் இருக்கும்" என்றார். நேந்திரம்தான். அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன்.

சிரிக்காதீர்கள். முதல் குழந்தைக்குக் காத்திருக்கிற ஒரு மனுஷனுக்கு, எதையாவது அளந்து தெரிந்துகொண்டால்தான் கொஞ்சமாவது தைரியம் வருகிறது. ஏனென்றால் மற்ற எதுவுமே தெரியவில்லை. பார்க்கிறவர்கள் எல்லாம், "என்னப்பா, ரெடியா?" என்கிறார்கள். ஏதோ நான் பரீட்சை எழுதப் போகிற மாதிரி. பரீட்சைக்காவது சிலபஸ் உண்டு.

அப்பாவிடம் கேட்டேன். "நான் பொறந்தப்போ நீங்க எப்படிப்பா தயாரானீங்க?"

அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார். "நான் திருச்சியில ஆடிட்ல இருந்தேன். தந்தி வந்துது."

அவ்வளவுதான். 'ஆண் குழந்தை. தாய் சேய் நலம்.' அதைப் படித்ததுதான் அவர் செய்த மொத்த ஏற்பாடு. இந்தியாவில் தந்தியையே 2013-ல் நிறுத்திவிட்டார்கள். எங்கப்பா தலைமுறையின் பிரசவத் தயாரிப்பும் அதோடு போய்விட்டது. இப்போது கணவன் ஸ்கேனுக்குக் கூடப் போகணும், மாத்திரை பேர் தெரிந்திருக்கணும், மூச்சுப்பயிற்சியில் கூட உட்கார்ந்து மூச்சு விடணும். இதெல்லாம் சரிதான், வேண்டியதுதான். சொல்லித்தருவதற்குத்தான் வீட்டில் ஒரு ஆம்பளை கிடையாது.

லீவு விஷயமும் அப்படித்தான். மத்திய அரசு ஊழியர் என்றால் மனைவியின் பிரசவத்துக்கு 15 நாள் லீவு உண்டு. என்னை மாதிரி பிரைவேட் கம்பெனி ஆசாமிக்குச் சட்டத்தில் ஒன்றும் கிடையாது. என் மேனேஜரிடம் கேட்டதற்கு, "பிரசவம் உனக்கா உன் ஒய்ஃபுக்கா?" என்று ஒரு ஜோக் அடித்தார். அவர் ஜோக்குக்கு நாங்கள் சிரிப்பது வழக்கம். அன்றைக்குச் சிரிக்காமல் நின்றதில் ஐந்து நாள் கிடைத்தது.

அக்கவுண்ட்ஸ் பிரிவில் இருப்பவன் என்பதால் எனக்குக் கணக்குப் போடாமல் இருக்க முடியாது. பிரசவத் தேதியிலேயே கணக்கு உதைக்கிறது. கடைசியாகத் தூரமான முதல் நாளிலிருந்து 280 நாள் என்று எண்ணுகிறார்கள். அதாவது 40 வாரம். ஆனால் அந்த முதல் நாளில் கர்ப்பமே கிடையாது! கரு உண்டாவதே சுமார் இரண்டு வாரம் கழித்துத்தான். ஓப்பனிங் பேலன்ஸே இல்லாத கணக்கு. "இது எப்படி மேடம்?" என்று கேட்டேன். "கரு எப்போ உண்டாச்சுன்னு யாருக்கும் தெரியாது. கடைசித் தேதி தெரியும். தெரிஞ்சதிலிருந்துதானே எண்ண முடியும்?" என்றார் டாக்டரம்மா. நியாயம்தான். அப்படி எண்ணிச் சொல்கிற தேதியில் சரியாகப் பிறக்கிற குழந்தைகள் நூற்றுக்கு நாலைந்துதானாம். எங்கள் குழந்தையின் தேதியைக் காலண்டரில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருந்தேன். இப்போது முன்னால் மூன்று வாரம், பின்னால் ஒரு வாரம் எல்லாவற்றுக்கும் சேர்த்து வட்டம் போட்டுவிட்டதில் கேஸ் புக் பண்ணின தேதி தெரியாமல் போய்விட்டது.

அடுத்த கணக்கு இன்னும் பயங்கரம். பச்சைக் குழந்தை ஒரு நாளில் பதினாறு மணி நேரம் தூங்கும் என்று படித்தேன். 'அட, பரவாயில்லையே! நானே ஆறு மணி நேரம்தான் தூங்குகிறேன்' என்று சந்தோஷப்பட்டேன். அடுத்த வரியில்தான் விஷயம் இருந்தது. ஒரே மூச்சாகத் தூங்காது. இரண்டு மணி, மூன்று மணி என்று தவணை முறையில். நடுநடுவே பால். 24 மணி நேரத்தில் எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை. ஒரு தடவைக்கு அரை மணி என்று வைத்தால்கூட நாலிலிருந்து ஆறு மணி நேரம் என் மனைவி பால் கொடுத்துக்கொண்டே இருப்பாள். முதல் வாரம் தாண்டினால் ஒரு நாளைக்கு ஆறு துணியாவது நனையும், நனையணும், நனைந்தால்தான் பால் போதுகிறது என்று அர்த்தம். தூளித் துணி, மாற்றுத் துணி, வாயில் கக்கினதைத் துடைக்கிற துணி... கூட்டிக்கொண்டே போனேன். மழைக்காலத்தில் பிறக்கப் போகிறது என்று நினைவு வந்ததும் பேனாவை மூடிவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் அப்பா அம்மாக்களுக்கு என்று ஒரு வகுப்பு வைத்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு ரப்பர் பொம்மை. குழந்தைக்குக் கழுத்து நிற்காது, தலைக்கு ஒரு கை, முதுகுக்கு ஒரு கை என்று நர்ஸம்மா சொல்லிக்கொடுத்தார். எனக்குப் பக்கத்தில் ஒரு பேங்க் ஆபீசர், பொம்மையை லெட்ஜர் மாதிரி அக்குளில் இடுக்கிக்கொண்டு செல்போனில் பேசிக்கொண்டிருந்தார். இன்னொருவர் பொம்மைக்குத் துணி மாற்றி, எழுந்து நின்றதும் பொம்மை ஒரு பக்கம், துணி ஒரு பக்கம். அங்கே வந்திருந்த பதினோரு ஆண்களும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். அப்படி ஒரு சகோதர பாசத்தை நான் ரயில்வே வெயிட்டிங் லிஸ்ட்டில்கூடப் பார்த்ததில்லை.

அட்வைஸ் மழையை விவரித்தால் இந்தப் பக்கம் போதாது. குங்குமப்பூ பால் குடித்தால் குழந்தை சிவப்பாகப் பிறக்குமாம். (குழந்தையின் நிறத்தை முடிவு செய்வது எங்கள் இரண்டு பேரின் மரபணு. அதில் கறுப்பு தாராளமாக இருக்கிறது. எங்களுக்கு அதில் ஆட்சேபணையும் இல்லை.) பிறந்ததும் நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைக்கணும் என்றாள் ஒரு அத்தை. பெயரே 'பிள்ளை வளர்ப்பான்' என்று சொல்லி வசம்பைச் சுட்டு உரசிக் கொடுக்கணும் என்றாள் இன்னொருத்தி. டாக்டரம்மா எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பதில் சொல்லிவிட்டார். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால். அப்புறம் ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால். தண்ணீர்கூட வேண்டாம். இதைத் தெலுங்கு சினிமா வசனம் மாதிரி மூன்று தடவை திருப்பிச் சொல்லச் சொன்னார், சொன்னேன்.

இவ்வளவும் சில்லறைப் பயங்கள். உண்மையான பயம் ஆரம்பத்திலேயே, முதல் ரத்த ரிப்போர்ட்டில் வந்தது.

என் மனைவியின் ரத்தம் ஏ நெகட்டிவ். இது ஒன்றும் ரகசியமில்லை. அவள் காலேஜ் ஐ.டி. கார்டிலேயே அச்சடித்திருந்தது. பத்துப் பொருத்தம் பார்த்தார்கள், செவ்வாய் பார்த்தார்கள், என் சம்பள ஸ்லிப்பை உள்ளேயும் வெளியேயும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். ஐ.டி. கார்டை மட்டும் இரண்டு குடும்பத்திலும் யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் கல்யாணத்தை நிறுத்தத் தேவையே இல்லை என்பது வேறு விஷயம்.

"உங்க குரூப் என்ன?" என்றார் டாக்டரம்மா.

"ஓ பாசிட்டிவ் மேடம்!" என்றேன், ஏதோ நானே சம்பாதித்த மாதிரி.

அவர் ரிப்போர்ட்டில் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டார். அந்தச் சிவப்புக் கோடு எனக்குப் பிடிக்கவில்லை.

விஷயம் இதுதான். ரத்தத்தின் சிவப்பணுக்கள் மேல் 'ஆர்ஹெச்' என்று ஒரு சமாசாரம் இருக்கிறது. 1940-ல் கார்ல் லாண்ட்ஸ்டைனரும் அலெக்ஸாண்டர் வீனரும் ரீசஸ் குரங்கின் ரத்தத்தை வைத்து ஆராய்ச்சி செய்தபோது கண்டுபிடித்ததால் குரங்கின் பெயரே நிலைத்துவிட்டது. நம் நாட்டில் நூற்றுக்குச் சுமார் ஐந்து பேருக்கு அது இல்லை. அவர்கள் நெகட்டிவ். இல்லாததால் அவர்களுக்கு ஒரு குறையும் கிடையாது, அம்மா நெகட்டிவாக இருந்து அப்பா பாசிட்டிவாக இருக்கும்போதுதான் சிக்கல். குழந்தை அப்பா மாதிரி பாசிட்டிவாக இருக்கலாம். பிரசவத்தின்போது குழந்தையின் ரத்தம் கொஞ்சம் அம்மாவின் ரத்தத்தில் கலந்துவிடும். சில சமயம் அதற்கு முன்னாலேயேகூட.

இதை என் மாமியாருக்கு நான் இப்படி விளக்கினேன். ஒரு கிராமத்துத் தெருவில் புதுசாக ஒருத்தன் நடந்து போகிறான். திண்ணையில் இருக்கிறவர்கள் எல்லாம், 'யாரப்பா அது?' என்று முகத்தைப் பார்த்து வைத்துக்கொள்கிறார்கள். யோசித்து முடிப்பதற்குள் அவன் ஊரைத் தாண்டிவிடுகிறான். அதுதான் முதல் குழந்தை. அநேகமாகத் தப்பித்துவிடும். அடுத்த தடவை அதே ஜாடையில் இன்னொருத்தன் வரும்போது தெருவே கம்போடு நிற்கும். அம்மாவின் உடம்பு, வயிற்றில் இருக்கிற இரண்டாவது குழந்தையின் சிவப்பணுக்களை அழிக்க ஆரம்பித்துவிடும். குழந்தைக்கு ரத்தம் வற்றும். பிறந்தால் கடுமையான மஞ்சள் காமாலை. சில சமயம் வயிற்றிலேயே போய்விடும்.

இதற்கு ஆன்ட்டி-டி என்று ஒரு ஊசி. 28-வது வாரத்தில் ஒன்று. பிறந்த குழந்தை பாசிட்டிவ் என்றால் 72 மணி நேரத்துக்குள் இன்னொன்று. திண்ணைக்காரர்கள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னாலேயே அந்தப் புது ஆளை ஆட்டோ வைத்து ஊரைவிட்டு அனுப்பிவிடுகிற ஏற்பாடு.

அந்த ஊசியை வெளியே மெடிக்கலில் வாங்கி வரச் சொன்னார்கள். சில ஆயிரம் ரூபாய். ஃப்ரிட்ஜ் குளிரிலேயே இருக்கணும் என்று, கடைக்காரர் ஐஸ் பாக்கெட்டுகளுக்கு நடுவில் வைத்துச் சின்னத் தெர்மோகோல் டப்பாவில் கொடுத்தார். அதை மடியில் வைத்துக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் போனேன்.

"என்ன ஸார், ஐஸ்கிரீமா?" என்றார் ஆட்டோக்காரர்.

"இல்லீங்க, ஊசி. ரெண்டாவது குழந்தைக்கு எதுவும் ஆகக் கூடாதுன்னு."

"நல்லது ஸார். முதல் குழந்தைக்கு என்ன வயசு?"

"இன்னும் பொறக்கலை."

அவர் கண்ணாடியில் என்னை ஒரு தடவை பார்த்தார். அதற்கப்புறம் இறங்குகிற வரைக்கும் பேச்சுக் கொடுக்கவில்லை. யோசித்தால் எனக்கே சிரிப்பாகத்தான் இருந்தது. முதல் குழந்தைக்கே தயாராகாதவன், இரண்டாவது குழந்தைக்கு மடியில் ஐஸ் கட்டி எடுத்துக்கொண்டு போகிறேன்!

இந்த ஊசியின் கதையில் ஒரு மனுஷர் வருகிறார். அவரைப் பற்றிச் சொல்லாமல் போனால் தூக்கம் வராது. ஆஸ்திரேலியாக்காரர், பெயர் ஜேம்ஸ் ஹாரிசன். 14 வயதில் மார்பில் பெரிய ஆபரேஷன். யார் யாரோ கொடுத்த ரத்தத்தில் பிழைத்தார். 18 வயதானதும் நானும் கொடுப்பேன் என்று முடிவு பண்ணி 1954-ல் ஆரம்பித்தார். அவர் ரத்தத்தில் இந்த ஊசி தயாரிக்கத் தேவையான எதிர்ப்புப் பொருள் அபூர்வமாக நிறைய இருப்பது பிற்பாடு தெரிந்தது. அதற்கப்புறம் மனுஷர் நிறுத்தவே இல்லை. 2018-ல் 81 வயதில் வயது வரம்பு காரணமாக நிறுத்தச் சொல்கிறவரை 1,173 தடவை கொடுத்திருக்கிறார். ஆஸ்திரேலியாவில் 24 லட்சம் குழந்தைகளுக்கு அது உதவியிருக்கும் என்று கணக்குச் சொல்கிறார்கள். அவருடைய மகளும் இந்த ஊசி போட்டுக்கொண்டவர்தான். இதில் வேடிக்கை, அவருக்கு ஊசி என்றாலே ஆகாதாம். குத்தும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வாராம். 1,173 தடவையும்! 2025 பிப்ரவரியில் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். இப்போது ஆய்வகத்தில் வளர்த்த செல்களிலிருந்து செய்கிற ஊசியும் நம் ஊரில் கிடைக்கிறது. என் மடியில் இருந்தது எந்த வகையோ, அன்றைக்கு ராத்திரி அந்த ஹாரிசனுக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

வளைகாப்பு எங்கள் வீட்டில். சாத்தூரிலிருந்து மாமியார் வீட்டு ஜனம் ஒரு கம்பார்ட்மென்ட் வந்து இறங்கியது. கூடவே மனைவியின் பாட்டி, அதாவது என் மாமியாரின் அம்மா. எண்பத்திரண்டு வயது. சாத்தூர் சேவு இரண்டு கிலோவைத் தலைமாட்டில் வைத்துக் காவல் காத்துக்கொண்டு ராத்திரி பூரா ரயிலில் வந்தவள். அப்படி வந்தவள், வளையல் போடுகிற நேரத்தில் கூடத்தில் இல்லை.

"பாட்டி எங்கே? மூத்தவங்க அவங்கதானே, அவங்கதான் முதல்ல போடணும்" என்று எங்கம்மா தேடினாள். பாட்டி அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஏழு வகைச் சாதம் கட்டின வீட்டில், கீரைக்கு அன்றைக்கு என்ன வேலை என்று யாருக்கும் தெரியாது.

"என் கை வேணாந்தாயி. மத்தவங்க போடட்டும்" என்றாள். மாமியார் முகம் மாறியது. "அவங்க எப்பவும் அப்படித்தான், விடுங்க" என்று எங்கம்மாவை அழைத்துப் போய்விட்டார்.

சாயங்காலம் கூட்டம் கலைந்த பிறகு அடுப்படியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். ஊசி எதுக்கு என்று மாமியார் கேட்க, நான் மேலே சொன்ன திண்ணைக் கதையைச் சொன்னேன். "முதல் குழந்தை தப்பிச்சுரும். ரெண்டாவது பொறந்ததும் மஞ்சளாகி..."

"மஞ்சளாவா?" என்றாள் பாட்டி.

அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்றே எங்களுக்குத் தெரியாது.

"ஆமாம் பாட்டி."

"கண்ணுல்லாம் மஞ்சளா? நகமெல்லாம்?"

அதற்கப்புறம் அவள் சொன்னதை என் மனைவிகூட முழுசாகக் கேட்டது அன்றைக்குத்தானாம். 1963-ல் என் மாமியார் பிறந்தார். ஒரு குறையுமில்லை. 1965-ல் ஒரு ஆண் குழந்தை. இரண்டாம் நாளே மஞ்சள் பூசின மாதிரி ஆகி மூன்றாம் நாள் போய்விட்டது. 1967-ல் இன்னொன்று வயிற்றிலேயே அசையாமல் நின்றுவிட்டது. ஊரில் ஒரு பேர் வைத்தார்கள், 'பிள்ளையை முழுங்கி' என்று. தாத்தாவுக்குச் சொந்தத்திலேயே இரண்டாம் கல்யாணம் செய்து வைத்தார்கள். அந்தச் சின்னப் பாட்டிக்கு வரிசையாக நாலு பிள்ளைகள், நாலும் நன்றாக இருந்தது. 'பார்த்தீங்களா, குத்தம் யார் மேலன்னு' என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. அன்றையிலிருந்து பாட்டி எந்த வளைகாப்பிலும் வளையல் போட்டதில்லை. எந்தத் தொட்டிலையும் முதலில் ஆட்டினதில்லை. சொந்த மகளுக்குக்கூட!

என் மனைவி ஒன்றும் பேசாமல் எழுந்து போய்விட்டாள். அவள் அப்படிப் போனால் ஏதோ செய்யப் போகிறாள் என்று அர்த்தம்.

பிரசவத்துக்கு அவள் சாத்தூர் போனதும் செய்த முதல் காரியம், பாட்டியை ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போனதுதான். "எண்பது வயசுக்கு மேல எனக்கு எதுக்குத் தாயி?" என்று பாட்டி கேட்டதற்கு, "சுகர் பார்க்க" என்று சொல்லியிருக்கிறாள். நான் சனிக்கிழமை காலை ரயிலை விட்டு இறங்கி வீட்டுக்குள் போகும்போது ரிப்போர்ட் டேபிள் மேல் இருந்தது. ஓ நெகட்டிவ்.

போட்டோ எடுத்து டாக்டரம்மாவுக்கு அனுப்பினோம். மத்தியானம் அவரே போன் பண்ணினார். "அறுபது வருஷத்துக்கு முந்தைய விஷயம். இப்போ யாராலயும் நிரூபிக்க முடியாது. ஆனா நீங்க சொல்ற வரிசை அப்படியே பொருந்துது. ஊசி புழக்கத்துக்கு வந்ததே 1967, 68-லதான், அதுவும் வெளிநாட்டுல. இங்கே எந்தக் கிராமத்துல அப்போ கிடைச்சிருக்கப் போவுது? அந்தம்மாகிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க, அவங்க மேல ஒரு தப்பும் இல்லை."

ஸ்பீக்கரில் போட்டிருந்தோம். பாட்டி கேட்டுவிட்டாள்.

அழுவாள் என்று நினைத்தேன். என் மனைவி அழுதாள், மாமியார் அழுதார், எனக்கும் தொண்டையில் ஏதோ மாட்டிக்கொண்டது. பாட்டி அழவில்லை. ரிப்போர்ட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள், அதுவும் தமிழ்தான். இருந்தாலும் பார்த்தாள்.

"இதுல எங்க போட்டிருக்கு?" என்றாள். நான் இடத்தைத் தொட்டுக் காட்டினேன். அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"மாப்ள, உங்களுக்கு என்னன்னீங்க?"

"ஓ பாசிட்டிவ், பாட்டி."

"நீங்க பாசிட்டிவா இருக்கப் போய்த்தான் இவளுக்கு ஊசி?"

"ஆமா பாட்டி."

"நீங்களும் அதுவா இருந்தா?"

"நானும் நெகட்டிவா இருந்தா ஊசியே தேவைப்பட்டிருக்காது."

"அப்ப எங்க வீட்டுக்காரரும் அந்தப் பாசிட்டிவுதான் இருந்திருக்கும்."

"இருந்திருக்கணும் பாட்டி."

சுவரில் தாத்தாவின் போட்டோ தொங்கிக்கொண்டிருந்தது. சந்தன மாலை, ஜீரோ வாட் பல்பு, கிருதா வரைக்கும் முறுக்கி விட்ட மீசை. பாட்டி அதையே பார்த்தாள்.

"மீசையப் பாரு!" என்றாள்.

அவ்வளவுதான். மாமியார் முதலில் சிரித்துவிட்டார். அப்புறம் என் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பாட்டியும் சிரித்தாள். தாத்தா பாவம், அவர் மேலும் தப்பில்லை, ரத்தத்தை யாரும் கேட்டு வாங்கி வருவதில்லை என்று எடுத்துச் சொல்ல வாயைத் திறந்தேன். என் மனைவி ஒரு பார்வை பார்த்தாள். நானும் பாசிட்டிவ் கட்சிக்காரன் என்பதால் பேசாமல் இருந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் பாட்டியைக் காணோம். எட்டரை மணிக்கு, பஸ் ஸ்டாண்டு பக்கத்து வளையல் கடையிலிருந்து ஒரு டஜன் பச்சை வளையலோடு வந்தாள். வளைகாப்பு முடிந்து வாரக்கணக்காகிறது, இப்போது போடலாமா, நாள் என்ன, நட்சத்திரம் என்ன என்று மாமியார் ஆரம்பித்தார். "நீ சும்மா இரு" என்றாள் பாட்டி, அறுபத்திரண்டு வயது மகளைப் பார்த்து. மனைவிக்குக் கை கொஞ்சம் வீங்கியிருந்தது. (பி.பி. பார்த்தாச்சு. சரியாகத்தான் இருக்கிறது.) விளக்கெண்ணெய் தடவி, விரலை மடக்கி, ஒவ்வொன்றாக ஏற்றினாள். இரண்டு உடைந்தது. உடைந்ததை எண்ணாமல் பத்து என்று சொல்லி முடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நான் கிளம்பும்போது வாசல் வரை வந்தாள். ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போக வேண்டிய பை மூலையில் தயாராக இருந்தது. தாய்-சேய் அட்டை, ஸ்கேன் ரிப்போர்ட், பழைய வேட்டித் துணி நாலு, பணம், சார்ஜர் எல்லாம் என் மனைவி அடுக்கியது. நான் சேர்த்தது சார்ஜர் மட்டும்தான். "எல்லாம் சரியா இருக்கா பாட்டி? எனக்கு ஒண்ணுமே தெரியலை" என்றேன்.

"ஒங்களுக்கு என்ன தெரியணும்? பொறந்ததும் அது ஆணா பொண்ணான்னு எல்லாரும் கேப்பாக. நீங்க அதுக்கு ரத்தம் என்னன்னு கேளுங்க. எழுபத்திரண்டு மணி நேரந்தானாமே?" என்றாள். "எனக்கு ராத்திரில தூக்கமில்ல. மணியை நான் பாத்துக்கிடுதேன்."